‘நான் எங்கேயும் போகலம்மா’

கணக்கெடுப்பு வேலைக்குப் போகிறேன் என்றால் சொந்தக்காரர்கள் எல்லாரும் சென்சஸ் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். சென்சஸ் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் எவ்வளவு தூரம், எதில் போகிறார்கள் என்று 2011 சென்சஸில் கேட்டார்கள், உண்மைதான். ஆனால் அது வேலைக்குப் போகிறவர்களோடு முடிந்துவிட்டது. நாங்கள் எடுப்பது வீட்டுப் பயணக் கணக்கெடுப்பு. ஒரு வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் நேற்று காலை எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை எங்கே போனார்கள், எதற்குப் போனார்கள், எதில் போனார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குச் சேர்ந்தார்கள், எவ்வளவு செலவானது என்று எழுதுவது. மெட்ரோ எந்தப் பக்கம் நீள வேண்டும், எந்தச் சாலைக்கு மேம்பாலம், எந்த ஏரியாவுக்குக் கூடுதல் பஸ் என்ற பெரிய பேச்சுகளுக்கெல்லாம் அடியில் கிடப்பது இந்தப் படிவங்கள்தான்.

சென்னையில் சில வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதலில் வீடு வீடாக ஏறி இறங்கினேன், இப்போது ஒரு குழுவுக்கு மேற்பார்வை. கையில் கட்டுக்கட்டாகப் பேப்பர் தூக்கிய காலம் போய் டேப் வந்துவிட்டது. கேள்விகள் பெரிதாக மாறவில்லை. முதலில் வீட்டைப் பற்றி: எத்தனை பேர், சொந்த வீடா வாடகையா, என்னென்ன வண்டி, மாத வருமானம். அடுத்து ஒவ்வொருவரைப் பற்றி: வயது, படிப்பு, தொழில். கடைசியில்தான் பயணப் பட்டியல். வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது, எல்லாரும் களைத்துப்போவதும் அந்த இடத்துக்கு வரும்போதுதான்.

ஒரு பயணம் என்றால் ஒரு காரணத்துக்காக ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவது. திரும்பி வருவது தனிப் பயணம். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்து, பஸ் பிடித்து, இறங்கி ஷேர் ஆட்டோ ஏறி ஆபீஸ் போனால் அது மூன்று பயணம் இல்லை, ஒரே பயணத்தின் மூன்று கட்டங்கள். ஆனால் போகிற வழியில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுப் போனால் அது இரண்டு பயணம், ஏனென்றால் காரணம் மாறிவிட்டது. இந்த வித்தியாசத்தைப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பழக்குவதிலேயே பயிற்சி நாள் முழுதும் போய்விடும். நகரத்தை நூற்றுக்கணக்கான மண்டலங்களாகப் பிரித்திருப்பார்கள். எந்த மண்டலத்திலிருந்து எத்தனை பயணம் கிளம்புகிறது, எங்கே போய்ச் சேருகிறது, எந்த வாகனத்தில், எந்தச் சாலை வழியாக என்று நான்கு படியாகக் கணக்குப் போட்டு, இருபது முப்பது வருஷம் கழித்து நகரம் எப்படி நகரும் என்று கணிப்பார்கள். அந்தக் கணக்கின் முதல் படிக்குச் சோறு போடுவது நாங்கள்.

வாசலில் நின்றதும் முதலில் கேட்பது, “ஆயிரம் ரூபாய் நின்னுடுமா?”

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்த பிறகு இந்தக் கேள்வி இல்லாத தெருவே இல்லை. அந்தத் திட்டத்துக்கு வருட வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, வீட்டில் கார் இருக்கக் கூடாது. எங்கள் படிவத்தின் முதல் பக்கத்திலேயே வருமானமும் வண்டியும் இருக்கின்றன. கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருத்தி வந்து “வீட்டுல கார் இருக்காக்கா? மாசம் எவ்வளவு வரும்?” என்று கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது? அவர்கள் பயப்படுவதில் தப்பே இல்லை. அதனால் என் குழுவில் வருமானக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடச் சொல்லியிருக்கிறேன். டேப்பில் வரிசையை மாற்ற முடியாது என்றால், அந்த இடத்தைக் காலியாக விட்டுத் தாண்டிப் போய்ப் பிறகு வந்து நிரப்பச் சொல்வேன். நேற்றைய நாளைப் பற்றி அரை மணி நேரம் பேசிய பிறகு அதே அக்கா, “உண்மையைச் சொல்லணும்னா பதினெட்டாயிரம் வரும்” என்று தானாகச் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்தப் பயம் கிடையாது. அங்கே கேட்டைத் தாண்டுவதே பாடு. செக்யூரிட்டி அண்ணன் சங்கச் செயலாளருக்கு போன் போடுவார், செயலாளர் மெயில் அனுப்பச் சொல்வார். மெயிலுக்குப் பதில் வராது. இரண்டு கார் இருக்கும் வீடுகள் கணக்கில் குறைந்துபோவது இப்படித்தான். பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து, கிடைத்த அது மாதிரி வீடுகளுக்குக் கணக்கில் கூடுதல் எடை போட்டு ஈடுகட்டுவார்கள். வராத வீட்டை அப்படி ஓரளவுக்குச் சரிக்கட்டிவிடலாம். வந்த வீட்டில் பதிவாகாமல் போனதைச் சரிக்கட்ட வழியே இல்லை. இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அதுதான்.

வியாசர்பாடியில் ஒரு வீடு. புதிதாகச் சேர்ந்த தம்பியோடு நானும் போயிருந்தேன். வீட்டுக்காரர் பெயின்டர், அன்றைக்கு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். முந்தைய நாள் அவர் அண்ணா நகரில் ஒரு சைட்டுக்கு பைக்கில் போய் வந்தது இரண்டு பயணம். பெரிய பையன் கல்லூரிக்கு பஸ்ஸில் போய் வந்தது இரண்டு. சின்னப் பெண் பள்ளிக்குப் போய் வந்தது இரண்டு. “வீட்டம்மா?” என்று தம்பி கேட்டான். “அவ எங்கேயும் போகல சார், வீட்லதான் இருந்தா.” தம்பி ‘பயணம் இல்லை’ என்ற கட்டத்தைத் தொடப் போனான். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த அந்த அம்மாவும், “ஆமாங்க, நான் எங்கேயும் போகலம்மா” என்றார்.

நான் தரையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். “அக்கா, நேத்து காலைல எத்தனை மணிக்கு எழுந்தீங்க? எழுந்ததும் முதல்ல என்ன பண்ணீங்க?”

ஐந்தரைக்கு எழுந்து வாசல் தெளித்துவிட்டு ஆவின் பூத்துக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார். சமைத்து, டிபன் கட்டி, எட்டு மணிக்குப் பெண்ணைப் பள்ளியில் விட்டார். அங்கிருந்து நேராக அம்மா வீட்டுக்கு. அம்மாவுக்குச் சர்க்கரை, காலையில் இவர்தான் ஊசி போட வேண்டும். அம்மா இருப்பது புளியந்தோப்புப் பக்கம். கணேசபுரம் சுரங்கப்பாதை வழியாக நடந்துதான் போவார். மழை பெய்து அங்கே தண்ணீர் நின்றுவிட்டால் சுற்றிக்கொண்டு போக வேண்டும், பெரிய மழை என்றால் ஊசி போட நேரமாகிவிடும். அம்மா வீட்டிலிருந்து ரேஷன் கடை. அரிசி மூட்டையோடு நடக்க முடியாமல் ஆட்டோவில் வீடு. மத்தியானம் பெண்ணை அழைத்துவரப் பள்ளிக்குப் போய்த் திரும்பினார். சாயங்காலம் பெண்ணை டியூஷனில் விட்டு, அப்படியே காய்கறி வாங்கி வீட்டுக்கு வந்து, எட்டு மணிக்கு மறுபடி போய் டியூஷனிலிருந்து கூட்டி வந்தார்.

தம்பி ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டே வந்தான். பதின்மூன்று வரி. அந்த வீட்டில் மற்ற மூன்று பேரும் சேர்ந்து போனது ஆறு. அதோடு, சின்னப் பெண் பள்ளிக்குப் ‘போய் வந்தாள்’ என்று அப்பா சொன்ன வரியில் ‘கூட யார்?’ என்ற கட்டம் காலியாகக் கிடந்தது, டியூஷன் வரவே இல்லை. வீட்டுக்காரர் எதையும் மறைக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். பதின்மூன்று வரியை டேப்பில் பார்த்துவிட்டு, “இவ்ளோவா நடக்கற?” என்று மனைவியைக் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒரு வீட்டில் ஒருவர் மற்ற எல்லாருக்கும் பதில் சொல்வது உலகம் முழுக்க இந்த வேலையில் இருக்கும் வியாதி. எங்கே போனீர்கள் என்று கேட்டால் பஸ் ஏறிப் போன இடம்தான் யாருக்கும் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் வீடு தேடிப் போய்ப் பயணங்களைக் கேட்கும் முறை 1944இலேயே தொடங்கிவிட்டது. பயணத்தைக் கேட்பதை விட்டு, என்ன செய்தீர்கள் என்று நாளை முதலிலிருந்து கேட்கும் நாட்குறிப்புகள் அங்கே பரவியது 1990களில்தான். பிறகு ஜிபிஎஸ் கருவியைக் கையில் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாயால் சொன்னதில் விடுபட்டவை பெரும்பாலும் சின்னச் சின்னப் பயணங்கள்தான் என்று தெரிந்தது. இங்கே நமக்கு அந்தக் கருவி வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து முதல் கேள்வியை மாற்றிக் கேட்டாலே போதும். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை வீடு முடிக்க வேண்டும், வீட்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று சம்பளம் பேசி அனுப்பினால் எந்தப் பிள்ளை தரையில் உட்காரும்? பதின்மூன்று வரியைப் பதிய இருபது நிமிஷம், ‘பயணம் இல்லை’ என்ற கட்டத்தைத் தொட இரண்டு விநாடி. சம்பளம் இரண்டுக்கும் ஒன்றுதான். வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுப்பதை நிறுத்தி நாள் சம்பளமாகக் கொடுங்கள் என்று நான் சொல்லாத கூட்டம் இல்லை.

ஒரு வரி விடுபட்டால் என்ன குடி முழுகிப்போய்விடும் என்று சிலர் கேட்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் போக முடியாது, மாதிரிக்குத்தான் எடுக்கிறோம். நூற்றில் ஒரு வீடு எடுத்தால் அந்த ஒரு வீடு நூறு வீட்டுக்குப் பேசுகிறது. பதின்மூன்று நடை விடுபட்டால் கணக்கில் ஆயிரத்து முந்நூறு நடை காணாமல் போகிறது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, அது வெளியே யாருக்கும் தெரிவதில்லை. எங்கள் கணக்கு சரியா என்று சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆறு, ரயில் பாதை மாதிரி நகரத்தைக் குறுக்கே வெட்டும் ஒரு கோட்டை எடுத்துக்கொள்வார்கள். கூவத்தையோ அடையாற்றையோ கடக்க வேண்டுமானால் பாலம் வழியாகத்தானே போயாக வேண்டும்? அந்தப் பாலங்களில் ஆள் வைத்தோ கேமரா வைத்தோ ஒரு நாள் முழுதும் எத்தனை கார், எத்தனை பைக், எத்தனை பஸ் கடக்கிறது என்று எண்ணுவார்கள். வீடுகளில் சொன்னதைப் பெருக்கிப் பார்த்தால் வரும் எண்ணும் பாலத்தில் எண்ணியதும் பொருந்தவில்லை என்றால் கணக்கைத் திருத்துவார்கள். ஆக, கார்க்காரர் ஒருவர் தன் பயணத்தைச் சொல்ல மறந்தாலும் பாலம் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். வியாசர்பாடி அக்கா ஆவின் பூத்துக்கு நடந்ததை எந்தப் பாலம் காட்டும்? அந்த நடை தெருவுக்குள்ளேயே, ஒரே மண்டலத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வாசலில் விட்டால் விட்டதுதான், பிறகு யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. வண்டிப் பயணத்தில் வரும் தப்பு திருந்துகிறது, நடையில் வரும் தப்பு அப்படியே நிலைத்துவிடுகிறது. படிவம் கையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இத்தனை விடுபட்ட பிறகும் வந்திருக்கும் எண்களைப் பாருங்கள். சென்னையில் 1970இல் எடுத்த ஆய்வில் பயணங்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் பஸ்ஸில், ஐந்தில் ஒரு பங்கு சைக்கிளில், ஏறக்குறைய அதே அளவு நடையில். 2008 வாக்கில் எடுத்த விரிவான போக்குவரத்து ஆய்வில் நடை 28 சதவீதம், பஸ் 26, இருசக்கர வாகனம் 25. சைக்கிள் 6க்கு இறங்கிவிட்டது. கார் பயணமும் 6தான். பஸ்ஸைவிடக்கூட நடை அதிகம். இந்த மாதிரி எண்கள் மேஜையில் இருந்ததால்தான், போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்ற கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இல் எடுத்தபோது அதற்குக் காலூன்ற இடம் இருந்தது. அந்த 28 உண்மையில் எவ்வளவாக இருந்திருக்கும் என்று வியாசர்பாடி வீட்டை நினைத்துக்கொள்ளும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

பஸ் பக்கம் வேறொரு சிக்கல். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் காசு கிடையாது. படிவத்தில் ‘செலவு’ என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஸ்டாப்பில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், சில அக்காக்கள் டீலக்ஸையும் ஏசி பஸ்ஸையும் விட்டுவிட்டு இலவச பஸ்ஸுக்காகக் காத்திருப்பார்கள். டிக்கெட் காசு மிச்சம், நேரம் செலவு. அதனால் ‘காத்திருந்த நேரம்’ என்ற கட்டத்தை என் குழுவில் யாரும் ஐந்து, பத்து என்று குத்துமதிப்பாகப் போடக் கூடாது. “எத்தனை பஸ்ஸை விட்டீங்கக்கா?” என்று கேட்கச் சொல்வேன். நிமிஷம் நினைவிருக்காது, விட்ட பஸ் நினைவிருக்கும். அந்தக் கட்டம் ஒழுங்காக நிரம்பினால்தான் எந்தத் தடத்தில் சாதாரண பஸ் போதவில்லை என்று தெரியவரும்.

பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வு இடங்களுக்குக் காலை பதினொரு மணிக்குப் போகாதீர்கள் என்பது நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்த இன்னொன்று. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும்தான். நகரத்துக்குள் இருந்த பழைய வேலையை விட முடியாமல் விடியும் முன்பே கிளம்பிப் போனவர்கள் ராத்திரிதான் திரும்புவார்கள். அவர்கள் பயணத்தைப் பாட்டியிடம் கேட்டால், “அது விடிய முன்னாடியே போயிடும் கண்ணு, எப்படிப் போகுதோ” என்பார். முதல் பஸ் எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் எதில் போகிறார்கள், நாலு பேர் சேர்ந்து ஆட்டோ பேசுகிறார்களா என்பது போகிறவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனால் ஆள் கிடைப்பார்கள், ஆனால் ‘நேற்று’ சனிக்கிழமை ஆகிவிடும். வேலை நாள்தான் கணக்கு. அதனால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், இரண்டு பேராக, பெண்கள் இருந்தால் பாதுகாப்புக்குத் தெருவில் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு போகிறோம். சிரமம்தான், வேறு வழியில்லை.

இப்போதெல்லாம் கூட்டங்களில் யாராவது ஒருவர் எழுந்து, “எல்லார் கையிலும் போன் இருக்கு, டவர் டேட்டாவை எடுத்தா போதுமே” என்பார். ஒரு போன் வியாசர்பாடியிலிருந்து அண்ணா நகர் போனது டவருக்குத் தெரியும். பைக்கில் போனதா பஸ்ஸில் போனதா, வேலைக்கா ஆஸ்பத்திரிக்கா என்பது தெரியாது. வீட்டில் ஒரே போன் இருந்து அதைப் பையன் கல்லூரிக்கு எடுத்துப் போய்விட்டால் அம்மாவின் நாள் முழுதும் டவருக்கு இல்லவே இல்லை. பெரிய ஓட்டங்களைப் பார்க்க அது நல்ல துணை. அதை வைத்துக்கொண்டு வாசலுக்குப் போவதை நிறுத்திவிடக் கூடாது.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பெரும் பகுதி, அரக்கோணம் பக்கம் வரைக்கும் இப்போது ஒரே திட்டத்துக்குள். சென்னைத் தெருக்களை மனதில் வைத்துத் தயாரித்த படிவம் அங்கே பல இடத்தில் முட்டுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைப் பெண்கள் விடுதிகளில் இருக்கிறார்கள். ஓர் அறையில் பல பேர், பல ஊர், வேறு வேறு ஷிப்ட். இது ‘வீடு’ என்ற கட்டத்தில் அடங்குவதில்லை. தலைவர் யார், உறவு என்ன என்று டேப் கேட்கிறது. கம்பெனி பஸ் வந்து கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது, அதனால் இவர்களுக்கு வேறு பயணத் தேவையே இல்லை என்று மேலிடத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார்.

விடுதிப் பெண்களிடம் நேற்று எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் தூங்கி எழுந்து, மதியம் கடைக்கும் ஏடிஎம்முக்கும் ஹைவேயைக் கடந்து போகிறார்கள். சனிக்கிழமை ராத்திரி ஊர் பஸ் பிடிக்க அதே ஹைவேயில் பையோடு நிற்கிறார்கள். நடை மேம்பாலம் தூரத்தில், சென்டர் மீடியனில் ஓர் இடைவெளி பக்கத்தில். எல்லாரும் கடப்பது அந்த இடைவெளியில்தான். ஒரு பெண் ஜன்னலுக்கு அழைத்துப் போய், “அதோ அந்தப் பஞ்சர் கடைக்கு நேரா மேடம்” என்று கை நீட்டிக் காட்டினாள். படிவத்தில் சாலையைக் கடக்கும் இடத்துக்குக் கட்டம் கிடையாது. ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் அந்தக் கடையின் அடையாளத்தையும் இடப்புள்ளியையும் ஏற்றியிருக்கிறோம். குறிப்புக் கட்டத்தை எந்த மென்பொருளும் எண்ணாது என்பதால், அடுத்த சுற்றுக்கு விடுதிகளுக்கென்று தனிப் படிவமும், சாலையைக் கடந்த இடத்துக்கு ஒரு கேள்வியும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதோடு அந்த விடுதியில் எடுத்த குறிப்புகள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன்.